விலையும் வில்லங்கமும்

நிலம் வாங்கப் புறப்படுகிறவர் முதலில் கேட்பது விலை. அடுத்துக் கேட்பது வில்லங்கம். விலை கட்டுபடியாகி, வில்லங்கம் ஏதுமில்லை என்று பத்திரம் பார்ப்பவரும் சொல்லிவிட்டால் மனம் நிம்மதியடைகிறது, முன்பணம் கைமாறுகிறது. இவ்விரு கேள்விகளுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டா? உண்டெனில், அதைக் கேட்கும் கடமை வாங்குகிறவருக்கு இருக்கிறதா? நாம் இங்கே ஆராய எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

கொடுக்கல் வாங்கல் பற்றிய சட்டப் பகுதியைப் பல்லாண்டுகளாக மதரஸா மாணவர்க்கு ஓதிக்கொடுத்து வருகிறோம். விற்கப்படும் பொருள் விற்பவருக்கு உரியதாக இருக்கவேண்டும் என்பது அப்பகுதியின் தொடக்கத்திலேயே வரும் நிபந்தனை. ஆடு, மாடு, துணி, தானியம் என்று உதாரணங்கள் சொல்லி அரை நாழிகையில் கடந்துவிடக்கூடிய பாடம் அது. ஆனால் ஆட்டை விற்றவரின் உரிமையை விசாரிக்க ஒரு சந்தைக்குப் போய்வந்தால் போதும். நிலத்தை விற்றவரின் உரிமையை விசாரிக்க எத்தனை தலைமுறை பின்னோக்கிப் போவது? எந்த இடத்தில் நின்றுகொள்வது? மாணவர் எவரும் இதைக் கேட்டதில்லை. நாமாகவே கேட்டுக்கொண்டபோது விடை எளிதாக வரவில்லை.

இத்தகைய கேள்வியை வெறும் தருக்கமாக வைத்துப் பேசுவதைவிட ஒரு குறிப்பிட்ட மண்ணின்மீது வைத்துப் பார்ப்பதே தெளிவு தரும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள டிக்கின்ஸன் கவுண்டியை அதற்கென எடுத்துக்கொள்வோம். அங்கே பத்திரப்பதிவு சீராக நடைபெறுகிறது. வரலாறும் ஆண்டு வாரியாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. சட்டம் செம்மையாக நடக்கும் இடத்தில்தான் சட்டம் முடிந்து அறம் தொடங்கும் எல்லை கண்ணுக்குத் தெரியும்.

மூன்று வகை நிலம்

கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு; நம் மாவட்டத்தைப் போன்றது. அயோவாவின் 99 கவுண்டிகளுள் நிலப்பரப்பில் மிகச் சிறியது டிக்கின்ஸன். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 17,703 பேர். ஒரு காலத்தில் அம்மாநிலத்தின் பெரும்பகுதி, ஆளுயரப் புல் அலையடிக்கும் பிரெய்ரி வெளியாக இருந்தது. பண்டைய பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற பள்ளங்களில் நீர் நிறைந்து, ஸ்பிரிட் லேக், கிழக்கு ஒகபோஜி, மேற்கு ஒகபோஜி என்னும் ஏரிகள் தோன்றின. மேற்கு ஒகபோஜியின் ஆழம் 130 அடிக்கும் அதிகம்.

இங்கே நிலம் வாங்க வருவோர்முன் மூன்று வகைகள் வைக்கப்படுகின்றன. ஒன்று, மக்காச்சோளமும் சோயாவும் விளையும் நாட்டுப்புற வயல். மற்றொன்று, மில்ஃபோர்ட் போன்ற சிற்றூரில் மரத்தாலான ஒரு வீடு. மூன்றாவது, ஏரிக்கரை மனை. வயலை வாங்குபவர் வருமானத்தை நாடுகிறார். சிற்றூர் வீட்டை வாங்குபவர் குடியிருப்பை நாடுகிறார். ஏரிக்கரையை வாங்குபவர் பெரும்பாலும் கோடைக்கால இன்பத்தை நாடுகிறார். மூவரின் நாட்டமும் தவறன்று.

விலையைப் பற்றி ஒரு சொல். அயோவா விளைநிலத்தின் சராசரி விலையை அம்மாநிலப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் கணித்து வெளியிடுகிறது. 1981இல் ஏக்கருக்கு 2,147 டாலராக இருந்த விலை 1986இல் 787 டாலராகச் சரிந்தது. 2023இல் அது 11,835 டாலர். மண் அதே மண். மழையும் ஏறக்குறைய அதே மழை. விலை என்பது அந்நாளைய மனிதரின் ஆசையையும் அச்சத்தையும் காட்டும் அளவுகோலேயன்றி நிலத்தின் மதிப்பைக் காட்டுவதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. எனவே முதற்கேள்வியாகிய விலை, அறத்தைப் பற்றி நமக்கு எதுவும் சொல்லப்போவதில்லை. இரண்டாவது கேள்வியிடம் செல்வோம்.

பத்திரக் கட்டின் முதல் ஏடு

அமெரிக்க மாநிலங்களில் பொதுவாக, வாங்குபவரின் உரிமைக்குக் காப்புறுதி நிறுவனங்கள் பொறுப்பேற்கின்றன. அயோவா மாநிலத்திலோ அந்நிறுவனங்கள் அத்தகைய காப்புறுதியை விற்க 1947ஆம் ஆண்டுமுதல் தடை உண்டு. அங்கே பழைய வழக்கமே நிலைத்திருக்கிறது. ஒவ்வொரு நிலத்திற்கும் ‘அப்ஸ்ட்ராக்ட்’ எனப்படும் பத்திரச் சுருக்கக் கட்டு ஒன்றுண்டு. யார் யாருக்கு விற்றார், எவர் எவரிடம் அடைமானம் வைத்தார், எந்தக் கணவன் இறந்து எந்த மனைவிக்குப் பங்கு சென்றது, எந்த வரி பாக்கி நின்றது என்பனவெல்லாம் வரிசையாக அதில் இருக்கும். வழக்கறிஞர் ஒருவர் அக்கட்டைப் புரட்டிப் படித்து, உரிமை செல்லும் என்றோ செல்லாது என்றோ கருத்து எழுதித் தருகிறார்.

நம் வழக்கில் மூலப் பத்திரம் என்கிறோமே, அக்கட்டில் அதற்கு இணையானது முதல் ஏடு. அமெரிக்க அரசு தன் நிலத்தை முதல் தனி மனிதருக்கு வழங்கிய பட்டயத்தின் குறிப்பு அங்கே காணப்படும். வழக்கறிஞரின் விரல் அந்த ஏட்டில் வந்து நிற்கும். அதற்கு முன்னே அவர் போகவேண்டியதில்லை. அரசுக்கு அந்நிலம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது அவர் தொழிலன்று.

நாம் கேட்போம். 1851ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் டிராவர்ஸ் டெ சூ, மெண்டோட்டா என்னும் ஈரிடங்களில் டகோட்டா மக்களின் நான்கு பிரிவினரோடு அரசு ஒப்பந்தங்கள் செய்துகொண்டது. மின்னசோட்டாவின் தென்பகுதியிலும் அயோவாவிலும் அவர்களுக்கிருந்த நிலமெல்லாம் இதனால் கைமாறியது. மொத்தம் சுமார் 2 கோடியே 40 லட்சம் ஏக்கர் என்பர். விலையாகக் குறிக்கப்பட்ட தொகை 30 லட்சம் டாலரை ஒட்டியது. அதன் பெரும்பகுதி விற்றவர் கைக்கு வரவேயில்லை. அரசே அதை வைத்துக்கொள்ளும், ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டியை 50 ஆண்டுகள் கொடுக்கும், அத்துடன் அசலும் வட்டியும் தீர்ந்தனவாகக் கொள்ளப்படும், இதுவே நிபந்தனை. டிராவர்ஸ் டெ சூவில் தலைவர்களிடம் மற்றொரு தாளிலும் கையொப்பம் வாங்கினர். அது ஒப்பந்தத்தின் படி என்றே தலைவர்கள் எண்ணினர். உண்மையில் அது, வந்த பணத்திலிருந்து வணிகர்களின் கடனை எடுத்துக்கொள்ள ஒப்புதல் தரும் சீட்டு.

பின்னர் 1862இல், தவணை தாமதமாகிப் பசி வாட்டிய கோடையில் போர் மூண்டது. 1863 பிப்ரவரியில் அமெரிக்கச் சட்டமன்றம் அவ்வொப்பந்தங்களை ரத்து செய்து, மீதித் தவணைகளையும் நிறுத்தியது. அப்போது 50 ஆண்டுகளில் பன்னிரண்டுகூட நிறையவில்லை. போரில் ஈடுபட்டோர் சிலர். தவணையை இழந்தோர் எல்லோரும். பிற்காலத்தில் வழக்காடிச் சில பிரிவினர் சிலவற்றைத் திரும்பப் பெற்றனர். ஆயினும் பொருளை ஒப்படைத்தவர் விலைக்காக வழக்காடவேண்டி வந்தது என்பதே அந்த விற்பனையின் தன்மையைச் சொல்லிவிடுகிறது. கட்டில் வில்லங்கம் இல்லை என்று வழக்கறிஞர் எழுதியது பொய்யன்று. வில்லங்கம் கட்டுக்கு வெளியே இருக்கிறது.

விலைக்கு வாங்கிய துக்கம்

ஒரு பக்கத்துத் துன்பத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது நீதியாகாது. 1856ஆம் ஆண்டுக் கோடையில் மேற்கு ஒகபோஜிக் கரையில் கார்ட்னர் என்னும் குடும்பத்தார் வந்து மரக்குடிசை கட்டினர். அடுத்து வந்த குளிர்காலம் மிகக் கொடியது. இங்க்பதூத்தா என்னும் தலைவரின் கீழிருந்த டகோட்டாக் கூட்டத்தார், மெண்டோட்டா ஒப்பந்தத்தில் பங்கு பெறாதவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய உறவினர் ஒருவரையும் அவர் குடும்பத்தாரையும் சாராய வணிகன் ஒருவன் கொன்றிருந்தான்; அவன் தண்டிக்கப்படவேயில்லை. 1857 மார்ச் மாதத்தில், பசியோடும் பகையோடும் வந்த அக்கூட்டத்தார் ஏரிக்கரைக் குடியேறிகளைத் தாக்கினர். மாண்டவர் 35 முதல் 40 பேர் வரை என்று கணக்கிடுவர். குழந்தைகளும் தப்பவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுமி அபி கார்ட்னர், தன் பெற்றோர் கொல்லப்பட்டதைக் கண்ணால் கண்டபின் சிறைபிடிக்கப்பட்டாள். அவளுடன் கொண்டுசெல்லப்பட்ட மூன்று பெண்களில் இருவர் வழியில் கொல்லப்பட்டனர். சில மாதங்களில் அவள் மீட்கப்பட்டாள்.

அந்த அபி, 1891இல் அதே இடத்திற்குத் திரும்பி வந்து, அக்குடிசையைப் பணம் கொடுத்து வாங்கினார். 1921இல் இறக்கும்வரை வருவோர்க்கு அதைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். இன்று அது மாநிலத்தின் பாதுகாப்பில் ஆர்னால்ட்ஸ் பார்க் என்னும் ஊரில் நிற்கிறது. அருகிலேயே ராட்டினங்கள் சுழலும் கேளிக்கைப் பூங்கா. கோடையில் குழந்தைகளின் கூச்சல் ஓயாத இடம்.

தம் பெற்றோரின் இரத்தம் சிந்திய வாசற்படிக்கு அவர் கொடுத்த விலை எதற்கு? பலகைக்கும் ஆணிக்குமா? அவ்வீட்டில் நடந்தது மறக்கப்படலாகாது என்னும் பொறுப்பை அல்லவா அவர் வாங்கினார்! வாங்குதல் என்னும் செயலுக்கு இப்படியும் ஒரு பொருள் இருக்கக்கூடும் என்பதை அவரிடம் கற்கிறோம். ஆனால் குடியேறிகளின் பெயர் தாங்கிய நினைவுத்தூண் அங்கே 1895இல் எழுந்தது. தவணை கிடைக்காமல் பட்டினியால் மாண்ட டகோட்டாக் குழந்தைகளுக்கு அக்காலத்தில் எவரும் தூண் எழுப்பவில்லை. ஒரு துக்கத்தைக் காட்டி மற்றொரு துக்கத்தை மறைப்பது, இரண்டு கணக்குகளையும் திறந்துவைக்காமல் ஒன்றால் மற்றொன்றைக் கழித்துவிடும் கள்ளக் கணக்காகும்.

குற்றமும் பொறுப்பும்

இங்கே ஒரு மறுப்பு எழும். அது வலுவான மறுப்பு. ‘நடந்து நூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டன. இன்று விற்பவரும் செய்யவில்லை, வாங்குபவரும் செய்யவில்லை. உலகில் எந்த மண்ணைத் தோண்டினாலும் அடியில் ஒரு தோல்வியுற்றவரின் எலும்பு கிடைக்கும். இப்படிப் பார்த்தால் எவருமே எங்குமே ஒரு முழ நிலம்கூட வாங்கமுடியாதே!’

இம்மறுப்பின் பாதியை நாம் அப்படியே ஏற்கிறோம். செய்யாதவர் தலையில் குற்றத்தைச் சுமத்துவது கூடாது. நல்ல எண்ணத்தோடு முழு விலை கொடுத்து வாங்கியவரை எல்லா நாட்டுச் சட்டமும் காக்க முனைகிறது, காக்கவும் வேண்டும். இல்லையேல் எவர் வீட்டிலும் எவரும் நிம்மதியாக உறங்க இயலாது.

ஆனால் குற்றம் வேறு, பொறுப்பு வேறு. அரபுச் சட்ட நூலார் ‘இர்திஃபாக்’ என்றொரு வகை உரிமையைப் பேசுவர். ஒரு நிலத்தின் வழியே அண்டை நிலத்தார் நடந்துசெல்வது, அதன் வழியே நீர் பாய்ச்சுவது, அதன் வழியே கழிவுநீரை வடிப்பது ஆகிய ஹக்குகள் அவை. அவை ஆளைச் சேர்ந்தவை அல்ல, மண்ணைச் சேர்ந்தவை. நிலம் கைமாறினால் அவையும் கூடவே கைமாறும். ‘அந்தப் பாதையை நான் விட்டுக்கொடுக்கவில்லையே, எனக்கு முன்னிருந்தவர் அல்லவா விட்டுக்கொடுத்தார்’ என்று புதிய உடைமையாளர் வாதாட முடியாது. பழையவர் செய்த பாவம் அவர் தலையில் ஏறுவதில்லை. நிலத்தோடு ஒட்டிய ஹக்கு ஏறுகிறது. இந்தச் சிறிய சட்ட நுட்பத்தை அறத்திற்கும் நீட்டிப் பார்க்கலாம் என்பதே நம் கருத்து. வாங்குகிறவர் குற்றவாளி ஆவதில்லை. ஆயினும் மூவருக்குக் கடமைப்பட்டவர் ஆகிறார். முன்பிருந்தோர், பக்கத்திலிருப்போர், பின்வருவோர் என்பவர் அம்மூவர்.

முன்பிருந்தோர்க்குச் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்று கூறுவதற்கில்லை. 1862இல் கிடங்கில் உணவிருந்தும் கொடுக்கப்படாமல் டகோட்டா மக்கள் பசித்துக் கிடந்த இடம், பின்னர் மின்னசோட்டாவில் ஒரு மாநிலப் பூங்காவாக இருந்து வந்தது. 2024இல் அம்மாநிலம் அந்நிலத்தை அப்பர் சூ எனப்படும் டகோட்டாச் சமூகத்தாரிடமே ஒப்படைத்துவிட்டது. அரசு பெற்றதை அரசு திருப்பித் தருவது தகும். தனியொரு மனிதரிடம் அதே அளவை எதிர்பார்ப்பது மிகை. அவரால் இயன்றது, முதல் ஏட்டுக்கு முந்தைய வரலாற்றை அறிந்துகொள்வதும், தம் மக்களிடம் மறைக்காமல் சொல்வதும், தம் மண்ணில் பழைய அடக்கத்தலம் தென்பட்டால் அதைக் கண்ணியமாகக் காப்பதும் ஆகும். இது சிறிது, ஆனால் வெறுமையன்று.

அண்டையாரின் ஹக்கு

பக்கத்திலிருப்போர்க்குள்ள கடமை இன்னும் தெளிவானது. ஏரிக்கரை மனையை வாங்குகிறவர் ஏரியை வாங்குவதில்லை. இந்த ஏரிகளின் அடித்தளமும் நீரும் மாநிலத்தின் பொறுப்பில், பொதுமக்களின் உடைமையாக இருக்கின்றன. இயல்பான உயர்நீர் மட்டத்தோடு தனியார் எல்லை முடிகிறது. கரைவீட்டுக்காரர் படகுத்துறை அமைப்பதும் மாநில விதிகளுக்கு உட்பட்டதே. பெருந்தொகை கொடுத்தவரும், ஒரு தூண்டிலன்றி வேறு உடைமை இல்லாதவரும் அந்நீரின்மேல் சமம். கோடையில் படகிலும் மாரியில் உறைந்த பனியின்மேலும் எவரும் செல்லலாம். விலையால் வாங்க முடியாததைச் சட்டமே ஒதுக்கி வைத்திருக்கும் அழகிய இடம் இது.

வயலும் சிற்றூரும் ஏரிக்கரையும் மூன்று தனிப் பொருள்களாக விற்கப்படினும் நீர் அவற்றை ஒன்றாகவே அறியும். வயலின் மண்ணுக்கடியில் பதித்த வடிகுழாய்கள் மழைநீரைக் கொண்டுபோய்த் தாழ்ந்த இடத்தில் விடுகின்றன. வயலில் இட்ட உரம் நீரோடு சென்றால் ஏரியில் பாசி படர்கிறது. அந்த ஏரியிலிருந்தே சுற்றுப்புறத்துச் சிற்றூர்களிற் சில குடிநீர் எடுக்கின்றன. வீடு கைமாறும்போது கழிவுநீர்த் தொட்டியைச் சோதித்தாகவேண்டும் என்று 2009ஆம் ஆண்டுமுதல் அயோவாச் சட்டம் விதித்திருப்பது இதனாலேயே. சோதனையை ஒரு தொல்லையாகக் கருதுபவர் விலையை மட்டும் பார்ப்பவர். தம் வீட்டுக் கழிவு பிறர் குவளைக்குள் போகலாகாது என்று கருதுபவரே அண்டையார்.

குத்தகைதாரரும் ஓர் அண்டையாரே. அயோவாவில் விளைநிலக் குத்தகையை முடிக்க விரும்புபவர் செப்டம்பர் முதல் தேதிக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும். இல்லையேல் அடுத்த மார்ச்சில் தொடங்கும் ஆண்டுக்கும் குத்தகை தொடரும். நிலம் விற்கப்பட்டாலும் உழுதவர் ஒரே நாளில் தெருவுக்கு வருவதில்லை. சட்டம் தரும் கால அவகாசம் ஆறு மாதம். மனிதத்தன்மை அதைவிடச் சற்று அதிகம் தரக்கூடும்.

இங்கே வாங்காமல் இருப்பதும் ஓர் அறமாகுமா என்ற கேள்வி எழுகிறது. 1932, 1933ஆம் ஆண்டுகளின் வறுமையில் அயோவாவிலும் அண்டை மாநிலங்களிலும் கடனுக்காக உழவரின் உடைமைகள் ஏலத்திற்கு வந்தபோது, அயலார் கூடிநின்று மாட்டுக்கும் கலப்பைக்கும் சில காசுகளே கேட்டு ஏலம் எடுத்து, உடையவரிடமே திருப்பிக் கொடுத்தனர். காசு ஏலம் என்று பெயர் பெற்ற அச்செயலில் அன்பு உண்டு. ஆனால் வெளியூரார் விலை ஏற்றாதபடி கயிற்றைத் தொங்கவிட்டு அச்சுறுத்தியதும் உண்டு. 1933 ஏப்ரலில் லெ மார்ஸ் என்னும் ஊரில், நிலப் பறிமுதல் வழக்குகளை நிறுத்த மறுத்த நீதிபதியை வெளியே இழுத்துச்சென்று கழுத்தில் சுருக்கும் மாட்டினர், உயிர் தப்பியது. தாமாக விலகி நிற்பது அறம். பிறரை அஞ்சவைத்து விலக்குவது அறமாகாது. ஆயினும், அயலாரின் இடுக்கணைத் தம் நல்வாய்ப்பாகக் கருத மறுத்த அந்த முதல் உணர்வு போற்றத்தக்கதே. வீழ்ந்த விலையில் நிலம் கண்டு மகிழ்கிறவர், அது யார் வீழ்ந்ததால் வீழ்ந்த விலை என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

பின்வருவோர்

அந்நாட்டு நிலம் அளக்கப்பட்ட முறையில் ஒரு நற்செய்தி இருக்கிறது. ஆறு மைல் சதுரமாக நிலத்தைப் பிரித்து, அதனை 36 கூறுகளாக்கினர். ஒவ்வொரு கூறும் 640 ஏக்கர். அவற்றுள் 16ஆம் கூறு பள்ளிக்கூடங்களுக்கென்று விற்பனைக்கு முன்பே ஒதுக்கப்பட்டது. குடியேறிகள் வருமுன்னரே, அவர்களின் பிறவாத குழந்தைகளுக்குப் பங்கு பிரித்தாயிற்று! ஆசிரியத் தொழில் செய்யும் நமக்கு இதைக் கேட்கும்போது மகிழ்ச்சி உண்டாகாமல் இராது. அதே அளவுகாரர், அங்கே ஏற்கெனவே பிறந்து வளர்ந்துகொண்டிருந்த குழந்தைகளுக்குப் பங்கு வைக்கவில்லை என்பதும் உடனே நெஞ்சில் தைக்கிறது.

1862ஆம் ஆண்டுக் குடியமர்வுச் சட்டம் ஒரு குடும்பத்திற்கு 160 ஏக்கர் என்று வகுத்தது. டிக்கின்ஸன் கவுண்டியில் கேய்லர் பிரெய்ரி என்னும் நிலமும் அதே 160 ஏக்கர் அளவினதே. அயோவாவின் ஆதிப் புல்வெளியில் இன்று ஆயிரத்தில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை. அவ்வாறு எஞ்சியவற்றுள் இது ஒன்று. மாநிலம் அதை வாங்கிக் காத்துவருகிறது. ஒரே அளவு நிலம். ஒன்றை வாங்கியவர் உழுதார், மற்றொன்றை வாங்கியவர் உழாமல் விட்டார். உழுதவர் பிழை செய்தார் என்று சொல்லமாட்டோம்; அவர் விளைத்ததை உலகம் உண்டது. ஆனால் எல்லோரும் உழுதிருந்தால், அம்மண்ணின் இயல்பு இன்னதென்று வரும் தலைமுறைக்குக் காட்ட ஒரு பிடிப் புல்லும் இராது.

ஆகவே நம் முடிபு இது. நிலம் வாங்கலாம். வயலும் வாங்கலாம், சிற்றூர் வீடும் வாங்கலாம், ஏரிக்கரையில் அமர்ந்து மாலைக் காற்றும் வாங்கலாம். ஆனால் விலை என்ன, வில்லங்கம் என்ன என்று கேட்டு முடித்தபின், ‘இந்த மண்ணோடு யார் யாருடைய ஹக்கு என் கைக்கு வருகிறது?’ என்று மூன்றாவது கேள்வியையும் கேட்டாகவேண்டும். அதற்குரிய விடை பத்திரக் கட்டில் கிடைக்காது. அக்கம் பக்கத்தில் விசாரித்தும், வரலாற்றைப் புரட்டியும், தம் நெஞ்சைக் கேட்டும் பெறவேண்டிய விடை அது.

வரும் ஆண்டு அந்தப் பாடம் வரும்போது ஆட்டையும் துணியையும் உதாரணம் சொல்லிக் கடந்துவிடமாட்டோம். விற்பவருக்கு உரியதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், வாங்கியபின் அது வாங்கியவருக்கு மட்டுமே உரியதாகிவிடுமா என்றும் மாணவரிடம் கேட்போம். அக்கட்டின் கடைசி ஏட்டில் இன்று நம் பெயர் எழுதப்பட்டாலும், அதன் பின்னே வெற்றேடுகள் இருக்கின்றன. அவற்றில் பெயர் எழுதப்போகிறவர்களுக்கு நாமும் ஒருநாள் முன்பிருந்தோர் ஆவோம்.